அழைப்பிதழில் விட்டுப்போன ஒரு சொல்

என் மகளின் கல்யாண அழைப்பிதழில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி நின்றது. மண்டபம் பிடித்தாயிற்று, முகூர்த்தம் குறித்தாயிற்று, பிள்ளையார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று சம்பந்தி வீட்டோடு நடந்த வழக்கும் தீர்ந்தது. மகள் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா பேருக்குக் கீழ என்னம்மா போடுறது?"

எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் பெயர் மட்டும் போதாது. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் தொழில் வர வேண்டும். அதிபர், ஆசிரியை, வர்த்தகர், தோட்டத்துக் கண்டாக்கு என்று ஏதாவது ஒன்று. உயிரோடிருக்கும் தாத்தாவுக்கும் விதிவிலக்கு இல்லை. கல்யாணத்தில் சாப்பிட்ட கறியை மறந்துபோகிறவர்கள்கூட அந்தச் சின்ன எழுத்தை மறக்க மாட்டார்கள்.

நான் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிராமலேயே சொன்னேன். "இளைப்பாறிய சாரதி. என் கல்யாண கார்டுல போட்ட மாதிரியே போட்டுடு."

அப்பா முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. கால்தான் சொன்னபடி கேட்காது. காது பாம்புக் காது. அங்கிருந்தே, "ஆமா புள்ள, சாரதினே போடு. அது போதும்" என்றார்.

மகள் எழுதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் என் கணவர் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். ஒரு வரிக்கு இத்தனை பார்வை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தப்பு என் பக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

அப்பா சாரதிதான், அதில் பொய் இல்லை. இருபத்திரண்டு வருடம் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் அது ஆமி லொறி, இலங்கை இராணுவத்தின் லொறி. அந்த ஒரு சொல்லைத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேலாக விழுங்கிக்கொண்டு வந்தேன்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தில் எங்கள் வீடு. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வம்சம் என்பதால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்கு அந்த நாட்களில் பிரஜாவுரிமையே கிடையாது. அது கிடைத்திருந்த ஒன்றிரண்டு குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அதனால்தான் அப்பாவால் இருபத்துச் சொச்சம் வயதில் ஆமியில் சேர முடிந்தது. தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு 'ஆமிக்காரரு', சின்னவர்களுக்கு 'ஆமி மாமா'. எனக்கும் அப்போது அதில் பெருமைதான். கடிதம் வந்தால் உறையின் மேலுள்ள முத்திரையை வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவேன்.

லீவில் வந்தாரென்றால் அம்மாவை அடுப்புப் பக்கம் விடமாட்டார். அம்மா காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறுவாள். அப்பா எங்கள் சப்பாத்துகளுக்குப் பொலிஷ் போட்டு, கம்பளிகளை மூலைக்கு மூலை பிடித்து மடித்து அடுக்கிவிட்டு, என்னையும் தங்கையையும் வாசலில் வரிசையாக உட்கார வைத்துத் தலை பின்னுவார். அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தாற்போல வகிடு. எங்கள் லயத்தில் ஒரு ஆம்பளை தன் மகளுக்குத் தலை பின்னிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. "துவக்குப் புடிச்ச கையில சீப்பப் புடிக்கிறாரு பாரு" என்று கேலி பண்ணுவார்கள். "நான் எங்கப்பா துவக்குப் புடிச்சேன், நான் புடிச்சது ஸ்டேரிங்கு" என்று சிரித்துக்கொண்டே ரிபனை முடிச்சுப் போடுவார். லீவு முடிந்து அவர் போன மறுநாள் என் சடை கோணிக்கொள்ளும். அதைப் பார்த்து டீச்சர் கேட்பார், "அப்பா போயிட்டாரா?"

தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்த வருடம் எனக்குப் பதினைந்து வயது. பஜாரில் கடைகள் எரிவதாகச் செய்தி வந்ததும் லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே தேயிலைக்குள் ஏறிவிட்டார்கள். அப்பா தற்செயலாக லீவில் இருந்தார். அலுமாரியிலிருந்து ஆமி உடுப்பை எடுத்துப் போட்டார். சப்பாத்துக் கயிற்றை நிதானமாகக் கட்டினார். லயத்துக்கு ஏறும் ரோடு வளைகிற முடக்கில் வெறுங்கையோடு போய் நின்றார். கீழேயிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவர் சிங்களத்தில் என்ன பேசினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தேயிலைக்குள்ளிருந்து பார்த்தபோது அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் திரும்பிவிட்டது. அன்றிரவு எங்கள் லயத்துக் கூரைத் தகரம் ஒன்றுகூடக் கருகவில்லை. அந்த உடுப்பைத்தான் பிறகு நான் ஒளிக்க நினைத்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

ஒளிக்கத் தொடங்கியது ஆசிரியர் கலாசாலையில். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் வடக்குப் பெண். மலைநாட்டில் நியமனம் கிடைத்து வந்தவள். என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேருடைய உடுப்பையும் சேர்த்துத் துவைத்துப் போடுவாள். ஒரு நாள் அவளுக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. ஆமி அடித்த ஷெல் விழுந்து வீட்டில் பாதி போய்விட்டது, தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் அழவில்லை. கடிதத்தை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு, வேறு ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகவே என்னைக் கேட்டாள்.

"உன்ர அப்பா என்ன செய்யிறார்? நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

"லொறி ஓட்டுறாரு. கொழும்புல" என்றேன்.

அந்த நிமிடம் அதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வந்திருக்காது. அதற்காக நான் என்னைத் திட்டுவதில்லை. திட்டிக்கொள்வது அடுத்த மாதம் நடந்ததற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் வரும் நாள். அப்பா இளைப்பாறப் போகிற கடைசி வருடம் அது. யாருக்கும் அறிவிக்காமல், பஸ் மாறி மாறி, ஆமி உடுப்பை மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்து கேட்டருகே நின்றார். கையில் ஒரு பிஸ்கட் டின். நானும் அறைத்தோழியும் முற்றத்தில் இருந்தோம். உடுப்பைக் கண்டதும் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேட் வரைக்கும் அவள் கையை விடவில்லை, நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஆரடி இது?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவரு. வீட்டுலேருந்து பார்சல் குடுத்து விட்டிருக்காங்க போல" என்றேன்.

மூன்றடி தூரத்தில் நின்ற அப்பாவுக்குக் கேட்காமலிருக்க வழியே இல்லை. முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. கேட்டின் மேலாக டின்னை என் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஆமாம்மா. இவங்க அப்பாதான் குடுத்து விட்டாரு. ரெண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுங்க. நல்லாப் படிக்கச் சொன்னாரு."

திரும்பி நடந்து போனார். நான் கூப்பிடவில்லை. டின்னுக்குள் அவர் கையால் செய்த தேங்காய்ப் பால் டொபி இருந்தது. அறைத்தோழி நான்கு தின்றாள். நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அடுத்த லீவில் வீட்டில் அவரைப் பார்த்தபோது, தலை குளித்தாயா, ஹொஸ்டலில் வெந்நீர் கொடுக்கிறார்களா என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் உடுப்போடு எங்கள் கண்ணெதிரே வந்ததே இல்லை. தோட்டத்துக்குக்கூட, ஹட்டன் ஸ்டேசனிலேயே சேட்டும் சாரமும் மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறினார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் எனக்கு அந்த வசதியைத் தரவில்லை.

சில வருடம் கழித்து எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர், அவருடைய அப்பா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் அதிபர். தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, அவங்க சொந்தத்துல ஒரு பையன ஆமி புடிச்சிட்டுப் போயி ரெண்டு வருசம் உள்ள வச்சிருந்தாங்க. அந்தப் பேச்ச எடுத்தாலே அந்த வீட்டுல சோறு எறங்காது. பாத்து நடந்துக்குங்க."

பார்த்து நடந்துகொண்டேன். அழைப்பிதழ் அடிக்க ஹட்டனில் ஒரு அச்சகத்துக்கு நானே போனேன். கடை முதலாளி முஸ்லிம் பெரியவர். "வாப்பாட தொழில் என்னண்டு போட?" என்று கேட்டார். "இளைப்பாறிய சாரதின்னு போடுங்க நானா" என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒன்றுதானே சொல்கிறேன், அதுவும் பாதிதானே பொய் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே பஸ் ஏறினேன்.

அச்சாகி வந்த கார்டை அப்பாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார். அவருடைய பெயர் வந்த இடத்தில் கண் கொஞ்சம் நின்றது. "எழுத்து நல்லா விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

கார்டு வைக்கப் போகும்போது அம்மாவின் காலில் அடிபட்டிருந்ததால், வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானே அப்பாவோடு போனேன். எங்கள் லயங்களில் கார்டை வாங்கி மூலையில் செருகி வைக்கிற பழக்கம் இல்லை. பெரியவர்கள் பலருக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, கார்டு கொண்டுவந்தவர் முன்னாலேயே கேட்பார்கள். படித்து முடித்த பிறகுதான் தேத்தண்ணி வரும். அச்சகத்தில் நின்றபோது இந்த வழக்கம் என் நினைவுக்கு வரவில்லை. புத்தி மட்டு என்பது இதுதான்.

முதல் வீட்டிலேயே, பக்கத்து லயத்துப் பெரியம்மா தன் பேத்தியைப் படிக்கச் சொன்னாள். பிள்ளை திக்கித் திக்கிப் படித்து அந்த இடத்துக்கு வந்தது. "இளைப்பாறிய சாரதி..."

"சாரதியா?" என்று பெரியம்மா குறுக்கிட்டாள். "ஏன், நம்ம ஆமிக்காரருனு போடலியா? அன்னைக்கு முடக்குல நீங்க நிக்காட்டி நாங்கெல்லாம் இன்னைக்கு இருக்கோமா?"

நான் தட்டில் இருந்த பாக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்தார். "ஓட்டுனது லொறிதானே அக்கா. ரெண்டு எழுத்துக் கொறஞ்சா கல்யாணம் நிக்கவா போகுது?"

அன்று மட்டும் நாற்பது வீடு. நாற்பது தடவை அந்த வரியை உரத்துப் படித்தார்கள். சிலர் ஏன் என்று கேட்டார்கள். கேட்காதவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்பா ஒரு சிரிப்பைச் சிரித்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். நான் செய்ததற்கு அவர் நாற்பது வீட்டில் சாக்குச் சொன்னார். திரும்பி வரும்போது, தட்டு பாரமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. மகள் பிறந்ததும், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், அப்பாவும் அம்மாவும் ஹட்டனுக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். என் மகளைக் குளிப்பாட்டியதும் பள்ளிக்கூடம் கூட்டிப் போனதும் அப்பாதான். அவளுக்கும் அதே வகிடு, அதே ரிபன். அம்மா படுக்கையில் விழுந்த நாலு வருடமும் நான் ஒரு தடவைகூட அவளுடைய படுக்கை விரிப்பைத் துவைக்கவில்லை; துவைக்க அவர் விடவில்லை. "நீ ஸ்கூலுக்குப் போ பாப்பா, இது என் வேல" என்பார். அம்மா போன பிறகும் அவள் கம்பளியை மூலைக்கு மூலை மடித்துத்தான் வைத்திருக்கிறார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து என் காதுபட ஆமி என்ற சொல் வரவில்லை. பென்சன் எடுப்பதற்கு மாதத்தில் ஒரு நாள் தலவாக்கலைக்கு ரயிலேறிப் போவார். ஹட்டன் தபாற்கந்தோர் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. "அங்க ஒரு கூட்டாளி இருக்கான், அப்படியே அவனையும் பாத்துட்டு வாறேன்" என்பார். கூட்டாளியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஹட்டன் தபாற்கந்தோர் வரிசையில் என் பள்ளிக்கூடத்து ஆட்கள் நிற்பார்கள். மழை நாளில் குடையை நானே எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போக வேண்டாம் என்று மட்டும் சொன்னதில்லை.

இதெல்லாம்தான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் கிடந்தது. குசினி வாசலில் மகள் இன்னும் எழுதாமல் நின்றாள்.

"எழுதேன்டி. என்ன பாக்குற?"

"அம்மா, நான் தெரியாமக் கேக்கல" என்றாள். "தாத்தா ஆமில இருந்தாருனு எனக்குப் பத்து வயசுலேயே தெரியும். நீங்களே சொல்லுவீங்களானு பாக்கத்தான் கேட்டேன்."

கத்தி கையிலேயே நின்றது. என் முதல் பயம் கணவரைப் பற்றி. கத்தியோடு முன்னறைக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகம் இருண்டுடுமா?"

"யாரு சொன்னது? தரகரா?"

"மாமாதான் சொன்னாரு" என்று ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார்.

"சொல்லிட்றேன் மாமா. முப்பது வருசம் சொல்லாம இருந்தாச்சு" என்று கணவர் என் பக்கம் திரும்பினார். "கார்டு அடிச்சு வந்த மறுநாளு மாமா தனியா எங்க வீட்டுக்கு வந்தாரு. நானும் இருந்தேன். ஒக்காரக்கூட இல்ல. 'நான் ஆமில இருந்தவன். கார்டுல அது இல்ல. என் மக பொய் சொல்றவ இல்லீங்க, பயந்தவ. நாளைக்கு இது வெளிய வந்து அவ உங்க முன்னாடி தல குனிஞ்சு நிக்கக் கூடாது. அதுனால நானே சொல்லிட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. வேணும்னா, நான் வந்து சொன்னது மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்'னாரு."

"மாமா என்ன சொன்னாரு?" நான் கேட்டது என் மாமனாரை. அவர் இறந்து பல வருடம் ஆகிறது.

"எங்கப்பா எந்திரிச்சு வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தாரு. ஆமி புடிச்சிட்டுப் போன நம்ம சொந்தக்காரப் பையன் உள்ள இருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகல அப்ப. அப்புறம் அம்மாவக் கூப்பிட்டு, தேத்தண்ணி ஊத்துன்னாரு. 'பொண்ணப் பெத்தவரு இவ்வளவு தூரம் வந்து தன்னையே காட்டிக் குடுக்குறாரு. இந்த வீட்டுப் பொண்ண வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல'ன்னாரு."

எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாமனார் வரும்போதெல்லாம் அப்பாவும் அவரும் பின்பக்கம் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசுவார்கள். நான் தேத்தண்ணியோடு போனால் பேச்சு நின்றுவிடும். ஏதோ ஆம்பளைப் பேச்சு என்று நினைத்தேன். அப்பா தன் இருபத்திரண்டு வருடத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மருமகனிடம் சொல்லியிருக்கிறார், பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தியில் இருந்த மற்ற எல்லோரும் எனக்காக அதைப் பார்க்காதமாதிரி சாப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையைக் கேட்காமல் விட்டவள் அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

கத்தியைக் கீழே வைத்தேன். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, அன்னைக்குக் கலாசாலை கேட் வாசல்ல நீங்க நின்னப்ப நான் சொன்னது..."

"எது? எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் உடனே. அவருக்கு மறதி என்பதே கிடையாது.

முதல் தடவையாக அவரிடம் கேட்டேன், வடக்கில் என்ன பார்த்தீர்கள் என்று. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நான் யாரையும் சுட்டதில்ல பாப்பா. ஆனா சுட்டவங்கள ஏத்திக்கிட்டுப் போனது என் லொறிதான். திரும்பி வரும்போது பெட்டியும் ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். அந்தந்த ஊருக்குக் கொண்டுபோய் எறக்கும்போது, அந்தத் தாய்மார் எல்லாம் என் கையப் புடிச்சித்தான் அழுவாங்க. நான் தமிழன்னு அவங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கமும் அழுதாங்கனு எனக்குத் தெரியும். நான் செஞ்சதுக்கு என்ன பேருனு எனக்கே இன்னும் தெரியல. நீ வெக்கப்பட்டதுல தப்பில்ல."

"தப்புதான்பா" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து, வகிடு எங்கே போகிறது என்று விரலால் தேடினார். மகளிடம் சொன்னேன்: "எழுது. இளைப்பாறிய இராணுவ சாரதி."

கார்டு அச்சாகி வந்தபோது, முதல் வேலையாக ஒன்றை வடக்குக்கு அனுப்பினேன். கலாசாலை அறைத்தோழிதான். இப்போதும் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறவள். அவளுடைய தம்பி கடைசிவரை திரும்பி வரவில்லை. கார்டோடு ஒரு கடிதமும் வைத்தேன். கேட்டில் நின்று டொபி கொடுத்தவர் என் அப்பா என்று எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதவில்லை. கேட்கக்கூடியது எது, கூடாதது எது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே விடலாம். அது அவள் உரிமை.

கார்டை அவளுக்கு அனுப்பிய மறுநாள் காலையிலேயே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அப்பாவின் அறைக்குக் கொண்டு போனேன். குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். லயத்தில் செய்வதுபோலவே தட்டை நாற்காலியில் வைத்து, பேத்தி கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று முறையாக அழைத்தேன்.

"படி. கேப்போம்" என்றார்.

நின்றுகொண்டே படித்தேன். பிள்ளையார் துணையிலிருந்து தொடங்கி, திருமணத் தேதி, மண்டபம், மாப்பிள்ளையின் தாய் தகப்பன் எல்லாம் படித்து, அவர் பெயருக்கு வந்தேன். அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தையும் படித்தேன்.

"அந்தப் புள்ளைக்கும் அனுப்பிட்டியா?" என்று குறுக்கே கேட்டார். "கலாசாலை கேட் வாசல்ல உன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னிச்சே, அந்தப் புள்ளைக்கு?"

"அனுப்பிட்டேன்பா. நீங்க யாருனு எழுதித்தான் அனுப்பினேன்."

அவர் தலையாட்டினார். "உன் ஸ்கூல் டீச்சர்மாரெல்லாம் பாப்பாங்களே. உனக்குச் சங்கடமா இருக்காதா பாப்பா?" என்று கேட்டார். அப்போதும் அவருக்கு என் கவலைதான்.

"இல்லப்பா" என்றேன்.

"அந்த வரி சரியாக் காதுல விழல" என்றார் அப்பா. "இன்னொரு தடவ படி."

எண்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அடுத்த அறையில் பேசுவது கேட்கும். நான் மறுபடியும் படித்தேன், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி. கண்ணைத் தாளை விட்டு எடுத்து அவர் முகத்தைப் பார்க்க மட்டும் என்னால் முடியவில்லை.